சிறு கார் நிலைத்திருக்குமா?

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7ஆம் நாள், ஜெர்மனி தேசத்தில் ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து ஒரு சிறிய மோட்டார் கார் வெளிவந்தது. ஃபோர்டு நிறுவனத்தார் ‘ஃபியஸ்டா’ என்னும் பெயரில் 1976 முதல் செய்துவந்த பெட்ரோல் கார்களில் அதுவே கடைசி வண்டி. 2009 முதல் 2020 வரை பன்னிரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் பிரிட்டனில் மிகுதியாக விற்ற கார் என்னும் பெருமை ஃபியஸ்டாவுக்கு உண்டு. தாய் ஓட்டிப் பழகிய வண்டியின் பெயரையே தாங்கிய மற்றொரு வண்டியில் மகளும் ஓட்டிப் பழகினாள் என்று சொல்லத்தக்க குடும்பங்கள் அந்நாட்டில் பலவாகும். ஆகவே, அந்த வண்டி நின்றது என்ற செய்தியைக் கேட்டுப் பலர் வருந்தினர்.

தொழிற்சாலை மூடப்படவில்லை. ஏறக்குறைய 200 கோடி டாலர் செலவிட்டு, மின்சாரக் கார் செய்வதற்கேற்றவாறு அதனை மாற்றி அமைத்தனர். 2024ஆம் ஆண்டில் ‘எக்ஸ்புளோரர்’ என்னும் மின்சாரக் கார் அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. அது ஃபியஸ்டாவைவிட ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமானது. உயரத்திலும் எடையிலும் விலையிலும் பெரிதும் மிகுந்தது. இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வண்டியை ஓட்டும் சக்தி பெட்ரோலிலிருந்து மின்சாரத்துக்கு மாறியது; அது இயல்பே. ஆனால், அதனோடு சிறிய வண்டி இருந்த இடத்தில் பெரிய வண்டி வந்து அமர்ந்தது ஏன்? சிறு காருக்கு மின்சார யுகத்தில் இடம் உண்டா, இல்லையா? இதுவே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

முதலில், இச்சிறு கார் எவ்வாறு பிறந்தது என்பதைக் காண்போம். 1956ஆம் ஆண்டில் எகிப்து அரசு சூயெஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியது. அதைத் தொடர்ந்து மூண்ட போரினால் கால்வாய் அடைபட்டது. ஐரோப்பாவுக்கு வரும் எண்ணெய் குறைந்தது. பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. குறைந்த பெட்ரோலில் நான்கு பேரைச் சுமந்து செல்லக்கூடிய காரை உருவாக்கும் பொறுப்பு, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பொரேஷனில் பணியாற்றிய அலெக் இஸ்ஸிகோனிஸ் என்னும் பொறியியல் வல்லுநரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இயந்திரத்தை நெடுக்காக வைக்காமல் குறுக்காகத் திருப்பி வைத்தார். முன் சக்கரங்களையே உந்து சக்கரங்களாக்கினார். இதனால் இயந்திரத்துக்கு வேண்டிய இடம் சுருங்கி, மனிதருக்கு உரிய இடம் பெருகிற்று. 1959 ஆகஸ்டில் வெளிவந்த அந்த ‘மினி’ காரின் நீளம் சுமார் 3 மீட்டரே. அதன் தளப்பரப்பில் நூற்றுக்கு 80 பங்கு பயணிகளுக்கும் அவர்கள் மூட்டை முடிச்சுகளுக்கும் உரியதாயிற்று.

மினியில் இல்லாத ஒரு வசதியைப் பிரெஞ்சு நாட்டார் புகுத்தினர். 1961இல் வந்த ‘ரெனோ 4’, 1972இல் வந்த ‘ரெனோ 5’ ஆகிய கார்களில் பின்புறம் முழுவதும் மேல் நோக்கித் தூக்கித் திறக்கும் கதவாக அமைந்தது. பின் இருக்கையை மடித்துவிட்டால் காய்கறிக் கூடை, மேசை, குழந்தையின் தொட்டில் எதையும் உள்ளே வைக்கலாம். இத்தகைய கதவுள்ள காரையே ‘ஹாட்ச்பேக்’ என்று வழங்குகின்றனர். 1974இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், இத்தாலிய வல்லுநர் ஜியுஜாரோ வகுத்த வடிவில், ‘கோல்ஃப்’ காரை வெளியிட்டது. அரை நூற்றாண்டுக்குள் 3 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட கோல்ஃப் கார்கள் செய்யப்பட்டன என்றால், மக்கள் அதனை எவ்வளவு விரும்பினர் என்பது விளங்கும். நம் நாட்டில் 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியோடு நின்ற மாருதி 800 காரும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. நம்மில் பலருடைய குடும்பங்களில் முதன்முதலாக நுழைந்த கார் அது.

ஆகவே சிறு காரின் சிறப்பு இன்னதென்று இப்போது கூறலாம். வாங்கும் விலை குறைவு, ஓட்டும் செலவு குறைவு, தெருவில் அடைத்துக்கொள்ளும் இடம் குறைவு, பயனோ மிகுதி. நடுத்தரக் குடும்பத்துக்கும் கார் என்னும் பொருளை எட்டும்படி செய்தது இக்குணமேயாகும்.

இத்தகைய வண்டிக்கு இடையூறு செய்தது மின்சாரம் மட்டுமே என்று நினைப்பது தவறு. மின்சாரக் கார்கள் பெருகுவதற்கு முன்னரே சிறு பெட்ரோல் கார் மூன்று பக்கங்களிலும் நெருக்குண்டிருந்தது. புகையைத் தூய்மை செய்யும் கருவிகளை ஐரோப்பியச் சட்டம் ஆண்டுக்கு ஆண்டு கடுமையாக வற்புறுத்தியது. 2022 முதல் புதிய வகைக் கார்களிலும், 2024 முதல் புதிதாக விற்கும் எல்லாக் கார்களிலும், வேக எச்சரிக்கை முதலான பல பாதுகாப்புச் சாதனங்கள் இருந்தே ஆகவேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. இவை நல்ல நோக்கமுடைய விதிகளே. ஆயினும், இக்கருவிகளின் விலை பெரிய காருக்கும் சிறிய காருக்கும் ஏறக்குறைய ஒன்றே. பெரிய காரின் விலையில் அது கரைந்துவிடும். சிறு காரின் விலையிலோ அது துருத்திக்கொண்டு நிற்கும். மூன்றாவதாக, உயரமான பெரிய வண்டிகளின் மீது மக்களுக்கு மோகம் உண்டாயிற்று. ஒரு பெரிய வண்டியை விற்றால் கிடைக்கும் இலாபம் சிறு வண்டியில் கிடைப்பதில்லை. எனவே உற்பத்தியாளரும் அம்மோகத்தை வளர்த்தனர்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மின்சாரத்தை நம் வீட்டுக் கட்டண அட்டையில் ‘யூனிட்’ என்னும் அளவால் குறிக்கிறோம் அல்லவா? ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட். சிறு காரின் தொட்டியில் 40 லிட்டர் பிடிக்கும் என்றால், அதில் 360 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அந்தப் பெட்ரோலின் எடை 30 கிலோகிராமே. ஆனால் பெட்ரோல் இயந்திரம் இவ்வாற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்கை மட்டுமே சக்கரத்துக்குத் தருகிறது. எஞ்சியது வெப்பமாகிப் புகைக்குழல் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வீணாகிறது. ஆகவே உண்மையில் பயன்படுவது 90 யூனிட்.

மின்சாரக் காரில் பாட்டரி என்னும் மின்கல அடுக்கு இருக்கிறது. 40 யூனிட் கொள்ளும் அடுக்கின் எடை ஏறக்குறைய கால் டன். ஆனால் மின் மோட்டார் மிகவும் சிக்கனமானது. பாட்டரியில் உள்ள ஆற்றலில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் சக்கரத்துக்குச் சேர்க்கிறது. பிரேக் போடும்போது அதே மோட்டார் டைனமோவாக மாறி, வீணாகப் போகும் ஆற்றலில் ஒரு பகுதியை மீட்டு மின்கலத்துக்கே திருப்பி அனுப்புகிறது. எனினும், பயன்படும் ஆற்றல் 35 யூனிட்டை ஒட்டியே அமையும். பெட்ரோல் கார் ஒரு முறை தொட்டியை நிரப்பிக்கொண்டு 700 கிலோமீட்டர் போகுமானால், இது 300 கிலோமீட்டர் போகும். சிக்கனத்தில் மின் மோட்டார் வென்றது. ஆற்றலைச் சுமக்கும் திறனில் பெட்ரோல் தொட்டி வென்றது.

அடுத்து விலையைக் கவனிப்போம். பெட்ரோல் தொட்டி என்பது வெறும் பாத்திரம். அதன் விலை அற்பமானது. மின்கல அடுக்கோ காரிலேயே விலையுயர்ந்த உறுப்பு. 2010ஆம் ஆண்டில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் விலை இருந்தது. 2024ஆம் ஆண்டில் உலகச் சராசரி விலை சுமார் 115 டாலராகக் குறைந்தது. பதினான்கே ஆண்டுகளில் ஏற்பட்ட இவ்வீழ்ச்சி வியக்கத்தக்கது. ஆயினும் 40 யூனிட் அடுக்கின் விலை அப்போதும் 4,600 டாலர் ஆகிறது. 18,000 டாலருக்கு விற்கவேண்டிய சிறு காரில் இது நான்கில் ஒரு பங்கு! 50,000 டாலர் விலையுள்ள பெரிய காரில் 80 யூனிட் அடுக்கு வைத்தாலும், அதன் விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உற்பத்தியாளர்கள் மின்சார யுகத்தைப் பெரிய காரிலிருந்து தொடங்கியதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? கொலோன் நகரத்தில் நிகழ்ந்த மாற்றத்தின் பின்னணியிலும் இக்கணக்கு இருக்கிறது.

மின்சாரம் வருவது நிச்சயமா என்று கேட்கலாம். அது செல்லும் திசையைப் பற்றி ஐயமில்லை. வேகத்தைப் பற்றியே விவாதம் நடைபெறுகிறது. நார்வே நாட்டில் 2024ஆம் ஆண்டில் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 89 மின்சாரக் கார்களே. 2035 முதல் விற்கும் புதிய கார்கள் கரியமில வாயுவை வெளிவிடவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் செய்தது. 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் அதைச் சற்றுத் தளர்த்தி, நூற்றுக்கு 90 பங்கு குறைத்தால் போதும் என முன்மொழிந்தது. இச்சட்டம் புதிய கார்களைப் பற்றியது. ஓடிக்கொண்டிருக்கும் கார்களைப் பிடுங்கிக்கொள்வதன்று. ஐரோப்பியச் சாலைகளில் ஓடும் கார்களின் சராசரி வயது பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் என்பதால், இன்று வாங்கும் சிறு பெட்ரோல் கார் 2040ஐத் தாண்டியும் ஓடக்கூடும். பழைய பெட்ரோல் காரின் இயந்திரத்தை எடுத்துவிட்டு மின் மோட்டார் பொருத்திக்கொள்ளவும் பிரான்சு 2020இல் விதிமுறை வகுத்தது. ஆகவே, அன்புக்குரிய பழைய வண்டிகள் ஒரே நாளில் மறைந்துவிடா.

இங்கே சிறு கார் அன்பர்களின் மனக்குறையையும் நேர்மையோடு கூறவேண்டும். 1976இல் வந்த ‘கோல்ஃப் ஜிடிஐ’ காரின் எடை சுமார் 810 கிலோகிராம். அதன் திறன் 110 குதிரைத்திறன். எடை குறைந்த அவ்வண்டி, ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் உடனே கட்டுப்பட்டது. கியரை மாற்றும்போது இயந்திரத்தின் ஒலி ஏறி இறங்குவதைச் செவியால் கேட்டே வேகத்தை அறிந்தனர். மின்சாரக் காரில் இந்த ஒலியும் இல்லை. கியர் மாற்றும் வேலையும் இல்லை. நின்ற நிலையிலிருந்தே முழு விசையோடு புறப்படும் ஆற்றல் மின் மோட்டாருக்கு உண்டு. கனமான மின்கலம் தளத்தின் அடியில் தாழ்வாக இருப்பதால், வளைவுகளில் வண்டி நிலைதடுமாறுவதும் குறைவு. ஆயினும், பழைய வண்டி தந்த இன்பம் வேறு. அதனை இழப்பவர்கள் வருந்துவதை நாம் எள்ளி நகையாடலாகாது. இருப்பினும், அந்த இன்பத்தை அறியாத கோடிக்கணக்கான மக்களும் சிறு காரை விரும்பினர் என்பதை மறத்தல் கூடாது. அவர்கள் விரும்பியது, தம் வருவாய்க்குள் கிடைக்கும் பயனையே. அது மறைந்தால் விளையும் இழப்பு இன்னும் பெரிது.

அவ்விழப்பைத் தவிர்க்க வழி உண்டா? உண்டு. மூன்று வழிகள் தென்படுகின்றன.

முதல் வழி இரசாயனம். நிக்கல், கோபால்ட் ஆகிய விலைமிக்க உலோகங்களை நீக்கி, இரும்பையும் பாஸ்பேட்டையும் பயன்படுத்தும் மின்கலம் இப்போது பெருவழக்காகி வருகிறது. அது சற்றுக் கனமானது. ஆனால் மலிவானது, நீண்டநாள் உழைப்பது. சீனாவில் பி.ஒய்.டி. நிறுவனம் இத்தகைய மின்கலத்தோடு ‘சீகல்’ என்னும் சிறு மின் காரை 2023இல் வெளியிட்டது. அதன் தொடக்க விலை 73,800 யுவான். அன்றைய மதிப்பில் சுமார் 9 லட்சம் ரூபாய்.

இரண்டாவது வழி தேவையறிந்து வாங்குதல். ஜப்பானில் ‘கேய்’ என்னும் சிறு கார் வகை நெடுங்காலமாக உண்டு. 3.4 மீட்டருக்கு மேல் நீளம் கூடாது. பெட்ரோல் இயந்திரமானால் 660 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இவ்வரம்புக்குள் அடங்கும் கார்களுக்கு வரிச்சலுகை கிடைக்கும். 2022இல் நிஸ்ஸான் நிறுவனம் இவ்வரம்புக்குள் ‘சகுரா’ என்னும் மின்சாரக் காரை வெளியிட்டது. அதன் மின்கலம் 20 யூனிட் மட்டுமே. ஒரு முறை மின்னேற்றினால் 180 கிலோமீட்டர் ஓடும். நெடும்பயணத்துக்கு இது போதாது. ஆனால் கடைவீதிக்கும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் சென்று திரும்புவோருக்கு ஒரு நாளில் இதில் பாதியும் தேவைப்படுவதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை செல்லும் நெடும்பயணத்துக்காக, ஆண்டு முழுவதும் கால் டன் மின்கலத்தைக் கூடுதலாகச் சுமந்து திரிவது அறிவுடைமை ஆகுமா? ஜப்பானியர் அவ்வாண்டின் சிறந்த கார் என்று சகுராவைத் தேர்ந்தெடுத்தனர்.

மூன்றாவது வழி சட்டம். மக்கள் வாங்கும் வண்டியின் அளவைச் சட்டமும் வரியும் எவ்வளவு தூரம் நிர்ணயிக்கின்றன என்பதற்கு நம் நாடே சான்று. 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத இயந்திரமும் உள்ள பெட்ரோல் காருக்குச் சரக்கு சேவை வரி 2025 செப்டம்பரில் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பெட்ரோல் காரில் சிறியதாக இருப்பதற்கு இவ்வாறு ஒரு பரிசு உண்டு. மின்சாரக் காருக்கு வரி 5 விழுக்காடே. ஆனால் அது சிறிய காருக்கும் பெரிய காருக்கும் ஒன்றுதான். சிறுமைக்கு அங்கே பரிசில்லை. ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்வைத்த திட்டத்தில், 4.2 மீட்டருக்கு மேற்படாத, ஐரோப்பாவிலேயே செய்யப்படும் மின்சாரக் கார்களுக்குத் தனிச் சலுகை தர எண்ணியுள்ளது. பிரான்சு அரசு 2024 ஜனவரியில், வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு மாதம் 100 யூரோ அளவிலான வாடகையில் மின்சாரக் கார் தரும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆறு வாரங்களுக்குள் சுமார் 50,000 பேருக்கு ஒதுக்கீடு முடிந்து, அவ்வாண்டுக்கு அத்திட்டம் நிறுத்தப்பட்டது. மக்கள் மின்சாரக் காரை வெறுக்கவில்லை, அதன் விலையையே அஞ்சினர் என்பது இதனால் புலனாகிறது.

இம்மூன்று வழிகளின் பயன் மெல்ல மெல்லத் தோன்றி வருகிறது. 2024இல் ரெனோ நிறுவனம், தன் பழைய ‘ரெனோ 5’ காரின் பெயரையும் சாயலையும் கொண்டு ஒரு மின்சாரக் காரை வெளியிட்டது. அதன் நீளம் 3.92 மீட்டர், மின்கலம் 40 அல்லது 52 யூனிட். 2025ஆம் ஆண்டுக்குரிய சிறந்த ஐரோப்பியக் கார் என்னும் விருதும் அதற்குக் கிடைத்தது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனமும் தன் சிறு மின் காருக்குப் ‘போலோ’ என்னும் பழம்பெயரையே சூட்டப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தது. ஃபியஸ்டாவை நிறுத்திய ஃபோர்டு நிறுவனமும் அதே ஆண்டு டிசம்பரில் ரெனோவோடு உடன்பாடு செய்துகொண்டு, ரெனோவின் அடித்தளத்தின் மேல் இரண்டு சிறு மின்சாரக் கார்களைச் செய்ய முன்வந்தது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட இடத்தை அது மீண்டும் தேடி வருகிறது!

ஆயினும் பெயர் திரும்பி வந்தால் மட்டும் போதாது. புதிய ரெனோ 5 காரின் தொடக்க விலை சுமார் 25,000 யூரோ. அதன் எடை, பெரிய மின்கலத்தோடு, ஏறக்குறைய 1,450 கிலோகிராம். அதாவது முதல் ஜிடிஐ காரைப்போல் முக்கால் பங்குக்கு மேல் கூடுதல். வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி இரவில் மின்னேற்றும் வசதி உள்ளவர்க்கு அது ஏற்றது. அடுக்குமாடியில் வாடகைக்குக் குடியிருந்து, தெருவோரத்தில் காரை நிறுத்துபவர் மின்னேற்றுவதற்கு எங்கே போவார்? சிறு காரை நாடுவோரில் இத்தகையோர் பலர். தெருவிலும் மின்னேற்றும் நிலையங்கள் பெருகி, விலையும் இறங்கினாலன்றிச் சிறு காரின் பழைய பெருமை முழுவதும் திரும்பியதாகாது.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு நான் கூறும் விடை இது: பெட்ரோலில் ஓடும் சிறு கார் காலப்போக்கில் அருகிவிடும், சிறு கார் அழியவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. ஒரு நெருக்கடிக் காலத்தில், குறைந்த எண்ணெயைக்கொண்டு நிறைந்த பயன் பெறவேண்டும் என்று சிந்தித்ததால் மினி பிறந்தது. குறைந்த மின்கலத்தைக்கொண்டு நிறைந்த பயன் பெறவேண்டும் என்று இன்று அவ்வாறே சிந்தித்தால், அதன் வழித்தோன்றல்கள் வாழும். பெரிதே சிறப்பு என்று எண்ணி வாங்குவோரும் விற்போரும் போனால், மின்சாரம் வந்தும் நடுத்தரக் குடும்பம் காரைத் தூர நின்று பார்க்கும் நிலை மீண்டும் வரும்.

மாணவ நண்பர்களே! நான் ஆசிரியனாக இருந்து பழகியவன். பயிற்சிக் கணக்கு ஒன்று தராமல் முடிக்க என் மனம் ஒப்பவில்லை. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒரு வண்டி இருக்குமானால், அது ஒரு மாதத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். மாத முடிவில், மிக அதிகமாக ஓடிய நாளையும் சராசரி நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று கொண்டு, அவ்வண்டிக்கு உண்மையில் எத்தனை யூனிட் மின்கலம் வேண்டும் என்று கணக்கிடுங்கள். நாளை நீங்கள் கார் செய்பவராகவோ, வாங்குபவராகவோ, அதற்கு வரி விதிப்பவராகவோ ஆகும்போது, அந்த எண் உங்களுக்குப் பயன்படும்.